டாக்டர் கேட்டது உங்கள் அம்மாவை

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. மார்பகப் புற்றுநோய், இரண்டாம் நிலை. ஆபரேஷன் முடிந்து இப்போது கீமோ நடக்கிறது. அடுத்து ரேடியேஷன், பிறகு ஹார்மோன் மாத்திரை என்று சொல்லியிருக்கிறார்கள். நானே தேடிப் படித்து, கீமோவோடு சேர்த்து குர்குமின் என்ற மஞ்சள் சத்து கேப்சூல், ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை, மனச்சோர்வுக்கு ஒரு மூலிகை மாத்திரை, காலையில் யோகா என்று திட்டம் போட்டுக் கொடுத்துவருகிறேன். அம்மா மறுக்காமல் எடுத்துக்கொள்கிறார். அக்காதான் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிச் சண்டை போடுகிறாள். போன தடவை லிவர் டெஸ்டில் அளவு கூடியிருந்ததால் கீமோவை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். "வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று டாக்டர் அம்மாவிடம் கேட்டார். திட்டுவாரோ என்று பயந்து, நானே முந்திக்கொண்டு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டேன். வழக்கமான சிகிச்சையோடு இவற்றையும் சேர்க்கும் ஒருங்கிணைந்த சிகிச்சைதான் சரியான வழி என்று அக்காவுக்கு எப்படிப் புரியவைப்பது? இதெல்லாம் பலன் தந்தால் ரேடியேஷனைத் தவிர்க்க முடியுமா?
- ஒரு மகன்

பதில்: தம்பி, அக்காவின் சண்டையை அப்புறம் பார்ப்போம். டாக்டர் கேட்டார், நான் இல்லை என்றேன் என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்களே, எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை. உங்கள் கடிதத்தில் உள்ள ஒரே அவசரச் செய்தி அதுதான்.

இப்படிப்பட்ட கடிதங்கள் நிறைய வருகின்றன. மகன் எழுதுவார், மகள் எழுதுவார், மருமகள் எழுதுவார். எல்லாரும் பாசத்தில்தான் செய்கிறார்கள். பாதிப் பேருக்கு மேல் டாக்டரிடம் மறைக்கிறார்கள். உங்கள் பாசத்தை மெச்சிவிட்டு ஆரம்பிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதற்கு இப்போது எனக்கு மனம் வரவில்லை.

அந்த டாக்டர் பேச்சுக்காகக் கேட்கவில்லை. கீமோ மருந்துகள் பலவற்றை உடைத்து வெளியேற்றும் வேலை கல்லீரலுடையது. அங்கே அளவு கூடினால் காரணம் தெரிந்தாக வேண்டும். கீமோவே செய்திருக்கலாம். வேறு மாத்திரை செய்திருக்கலாம். கிருமித்தொற்றாக இருக்கலாம். நோய் கல்லீரலுக்குப் பரவியிருக்கலாம். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்துதான் ஒரு முடிவுக்கு வருவார்கள். அதில் ஒன்றை நீங்கள் பொய் சொல்லிக் கழித்துவிட்டீர்கள். இனி அவர் என்ன செய்வார்? கீமோதான் காரணம் என்று நினைத்து அளவைக் குறைப்பார், அல்லது இன்னும் தள்ளிவைப்பார். இல்லாவிட்டால் பரவிவிட்டதா என்று பார்க்க ஸ்கேன் எழுதுவார். அந்த ரிசல்ட் வரும்வரை உங்கள் அம்மா எப்படித் தூங்குவார் என்று யோசித்தீர்களா? தப்பு கேப்சூலுடையது என்றால், குறைக்கப்படுவது அவரைக் காப்பாற்ற வேண்டிய மருந்து.

கேப்சூல்தான் செய்தது என்று நான் சொல்லவில்லை. செய்யக்கூடியது என்று சொல்கிறேன். மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைத் தொடர்ந்து பதிவுசெய்யும் அமெரிக்க மருத்துவர் குழு ஒன்று, மஞ்சள் சத்து மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி 2022-இல் எழுதியது. ஐந்து பேர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருந்தது, ஒருவர் இறந்துபோனார். சில மாத்திரைகளில் மிளகுச் சத்தும் கலந்திருந்தது. உடம்பு குர்குமினை அதிகம் உறிஞ்சட்டும் என்று அதைச் சேர்க்கிறார்கள். நாளைக்கு அம்மாவுக்கு டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரையை எழுதினால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குர்குமினையும் மிளகுச் சத்தையும் அதோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வில், ரத்தத்தில் அந்த மருந்தின் வேலை செய்யும் வடிவம் சுமார் 12 சதவீதம் குறைந்தது.

மூலிகை மாத்திரையின் பெயரைக்கூட நீங்கள் எழுதவில்லை. மனச்சோர்வுக்கு என்று விற்கும் மூலிகைகளில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்று ஒன்று உண்டு. மருந்துகளை உடைக்கும் நொதிகளை அது கல்லீரலில் முடுக்கிவிடும். இரினோடிகன் என்ற கீமோ மருந்தோடு அதைக் கொடுத்துப் பார்த்தபோது, மருந்தின் வேலை செய்யும் பொருள் ரத்தத்தில் 42 சதவீதம் குறைந்தது. அதாவது கீமோவின் கஷ்டத்தையெல்லாம் பட்டுக்கொண்டு ஏறக்குறைய பாதி மருந்தோடு வீடு திரும்புவது. ஆன்டி ஆக்சிடன்ட் கதை வேறு. கீமோ மருந்துகள் சிலவும் ரேடியேஷனும் புற்றுச் செல்லை ஆக்சிஜனேற்றத்தால் சிதைத்துத்தான் கொல்கின்றன, நீங்கள் அதைத் தடுக்கும் மாத்திரையைக் கொடுக்கிறீர்கள். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 1,134 பேரிடம் கேட்டுச் செய்த ஆய்வு 2020-இல் வந்தது. கீமோவுக்கு முன்பும் கீமோவின்போதும் இவற்றை எடுத்தவர்களுக்கு நோய் திரும்புவது கூடுதலாக இருக்கும் போலத் தெரிந்தது. அடித்துச் சொல்லும் அளவுக்கு அந்தக் கணக்கு உறுதியானது இல்லை. ஆனாலும் பெற்ற தாயின் விஷயத்தில் அந்தச் சந்தேகம் போதாதா?

ரேடியேஷனைத் தவிர்க்கலாமா என்று கேட்டீர்கள். கூடாது. 2018-இல் அமெரிக்காவில் 1,290 நோயாளிகளின் பதிவுகளை ஒப்பிட்டார்கள். எல்லாரும் ஏதாவது ஒரு வழக்கமான சிகிச்சையாவது எடுத்தவர்கள். கூடவே மாற்று முறைகளையும் சேர்த்துக்கொண்டவர்களில் ரேடியேஷனை மறுத்தவர்கள் 53 சதவீதம், மற்றவர்களில் 2.3 சதவீதம். முதல் பிரிவினர் இறக்கும் அபாயம் இரண்டு மடங்கு. சிகிச்சையை மறுத்ததையும் தள்ளிப்போட்டதையும் கணக்கில் எடுத்தபோது அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. உங்கள் கேள்வி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று எனக்கு ஆறவே இல்லை. கேள்வி அம்மாவுக்கு வந்தது. மார்பை அறுத்துக்கொண்டவர் அவர், கீமோ ஏறுவது அவர் நரம்பில். பதில் சொல்ல உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? மறுக்காமல் எடுத்துக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நோயில் படுத்த தாய் பிள்ளை கொண்டுவந்து நீட்டுவதை மறுக்கமாட்டாள். பிள்ளை ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்ததை வீணாக்க மனம் வராது, அவன் முகம் வாடுவதைப் பார்க்கவும் மனம் வராது. அதைச் சம்மதம் என்று கணக்கு எழுதிவிட்டீர்கள். அதோடு நிற்காமல், அவரை டாக்டர் முன்னால் உங்கள் பொய்க்குச் சாட்சியாகவும் உட்காரவைத்துவிட்டீர்கள். பெற்றவருக்குப் பிள்ளை செய்யும் கடமை அவர் சொல்ல வந்ததைச் சொல்லவிடுவதில் ஆரம்பிக்கிறது என்பது என் கருத்து. யார் மறுத்தாலும் நான் அதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

ஒருங்கிணைந்த சிகிச்சையை நான் மதிக்கிறேன், அதனால்தான் இவ்வளவு கோபம். சிகிச்சை கொடுக்கும் டாக்டருக்குத் தெரியாமல் நடப்பது ஒருங்கிணைந்தது ஆகாது. முறையாகச் செய்தால் அதில் நல்ல பலன் உண்டு. ஹார்மோன் மாத்திரையால் வரும் மூட்டுவலிக்கு அக்குபங்சர் உதவுகிறது என்று 226 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2018-இல் காட்டியது. சிகிச்சை முடிந்தும் தூக்கம் கெட்டிருந்த 410 பேரிடம் 2013-இல் யோகாவைச் சோதித்தார்கள். நான்கு வாரத்தில் தூக்கமும் தேறியது, தூக்க மாத்திரையும் குறைந்தது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் ஒருங்கிணைந்த புற்றுநோய் மருத்துவத்துக்கான சங்கமும் சேர்ந்து வலிக்கு 2022-இலும், பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் 2023-இலும், களைப்புக்கு 2024-இலும் வழிகாட்டுதல்கள் வெளியிட்டிருக்கின்றன. மனதை ஒருநிலைப்படுத்தும் பயிற்சி, உடற்பயிற்சி, யோகா என்று அவற்றில் பலதும் உண்டு. எல்லாம் நோயாளியின் அவஸ்தையைக் குறைப்பதற்கு. கட்டியைக் கரைக்க என்று அவற்றில் எதையும் சொல்லவில்லை. இயற்கையானது என்றுதான் உங்களுக்கு ஈர்ப்பு என்றால், மார்பகப் புற்றுநோய்க்கு நிறையப் பேருக்கு ஏற்றும் பேக்லிடாக்சல் முதலில் யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து எடுத்ததுதான். எவ்வளவு கொடுக்கலாம், எதோடு சேராது என்று அதை வருடக்கணக்கில் சோதித்திருக்கிறார்கள்.

அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். நாளைக் காலையே டாக்டருக்குப் போன் செய்து, போன முறை நான் சொன்னது பொய் என்று சொல்லுங்கள். எது, எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதியிலிருந்து என்று எழுதிவையுங்கள். டப்பாக்களை அப்படியே எடுத்துப்போங்கள், லேபிள் முக்கியம். அவர் பதில் சொல்லும்வரை ஒரு கேப்சூலும் கொடுக்க வேண்டாம். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அநேகமாகத் திட்டமாட்டார், அவர்களுக்கு இது பழகிப்போன விஷயம்.

அக்காவிடம் யோகா விஷயத்தில் நீ சொன்னது தப்பு என்று தாராளமாகச் சொல்லலாம், டாக்டர் சரி என்றால் அது தொடரட்டும். மற்றதில் அக்கா சொன்னதுதான் சரி, அதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். அப்புறம் அடுத்த முறை டாக்டர் அறைக்குள் யார் கூட வர வேண்டும் என்று அம்மாவையே கேளுங்கள். அக்கா வரட்டும் என்று அவர் சொன்னால், நீங்கள் வெளியே உட்காருங்கள்.