அகராதியில் கிடைக்காத புலார் வினைகள்: முதலெழுத்தைத் திருப்பிப் போடுங்கள்

கேள்வி: செனகலில் தங்கிப் புலார் மொழி கற்று வருகிறேன். காதில் விழுந்ததை எழுதி வைத்துத் தேடினால் பாதிச் சொற்கள் அகராதியில் இல்லை. 'பே ங்கரீ', 'பே ம்பின்தீ', 'பே ச்சோதீ' ஆகியவை சில. இது முந்தைய சொல்லோடு புணர்வதால் வரும் திரிபா? செரெர் மொழிக்கும் இதே விதிதானா?

பதில்: புணர்ச்சி இல்லை. தமிழில் வல்லினம் மிகுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்தச் சந்தேகம் வருவது இயல்பே. 'ஓ ஹாலீ' என்றால் அவர் பேசினார். 'பே காலீ' என்றால் அவர்கள் பேசினார்கள். முன்னால் நிற்கும் இரண்டு சொற்களும் உயிரில்தான் முடிகின்றன. ஆனாலும் ஹ, க ஆகிவிட்டது. மாற்றுவது பக்கத்து ஒலி இல்லை, எழுவாயின் எண். நாம் பன்மையை வினையின் வாலில் காட்டுகிறோம். புலார் தலையில் காட்டுகிறது. வால் இரண்டிலும் அதே 'ஈ'தான்.

பன்மைப் பிரதிப்பெயர்கள் நான்கு: மின் (நாங்கள்), என் (நாம்), ஒன் (நீங்கள்), பே (அவர்கள்). நாங்கள், நாம் வேறுபாடு அங்கேயும் உண்டு என்பதால் தமிழருக்கு அது ஒரு சுமை குறைவு. இந்த நான்கில் ஒன்று முன்னால் இருந்தால், வினையின் முதலெழுத்து மாறியிருக்கும் என்று எடுத்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள்.

ச்ச என்று கேட்டால் ஸ-வில் தேடுங்கள்: 'ச்சோதீ'க்கு ஸோத்தே, வாங்குதல். அழுத்தமான ப ('படம்' சொல்லில் வருவது) ஃப-விலிருந்து வந்திருக்கும். 'பே பாமீ' (புரிந்துகொண்டார்கள்) என்பதன் மூலம் ஃபாம்தே. அழுத்தமான க-வுக்கு ஹ. ந்த கேட்டால் முதலில் ர, இல்லையென்றால் மெல்லொலி த ('பந்து' சொல்லில் வருவது): 'பே ந்தெமீ' (பயிரிட்டார்கள்) ரெம்தே-யில் இருக்கும், 'பே ந்தொகீ' (ஓடினார்கள்) தொக்தே-யில். ஞ்ஜ-வுக்கு ய, பிறகு ஜ. ம்ப-வுக்கு வ, பிறகு மெல்லொலி ப. உங்கள் 'ம்பின்தீ' இப்படித்தான் வின்துதே, அதாவது எழுதுதல்.

ஆளைக் கவிழ்ப்பது ங்க. வ-வில் தொடங்கும் எல்லா வினைகளும் ம்ப ஆவதில்லை. 'இருத்தல்' வொன்தே, அதன் பன்மை ங்கொன் என்று தொடங்கும். அ-வில் தொடங்கும் சில வினைகளும் ங்க ஏற்கும். உங்கள் 'ங்கரீ' அவற்றுள் ஒன்று. அகராதியில் அர்தே, வருதல். அறிதலைக் குறிக்கும் அன்துதே-யும் அப்படியே. ஆகவே ங்க-வுக்கு வ, அ, மெல்லொலி க மூன்றையும் பார்த்தாக வேண்டும். இதில் அசட்டை கூடாது: வர்தே என்றால் கொல்லுதல், அதன் பன்மை 'பே ம்பரீ'. ங்க-வை ம்ப ஆக்கினால், வந்த விருந்தாளிகள் கொலைகாரர்களாகிவிடுவார்கள்.

மாறாத முதலெழுத்துகளும் உண்டு: ம, ந, ஞ, ல, அழுத்தமான த, மூச்சை உள்ளிழுத்து ஒலிக்கும் ப, ட போன்றவை. சாப்பிடுதல் ஞாம்தே, ஒருவர் சாப்பிட்டாலும் பலர் சாப்பிட்டாலும் ஞாமீ. புதிதாகக் கற்பவர்கள் ஞ-வை ஞ்ஜ என்று கேட்டு, ய வரிசையில் தேடி ஏமாறுவது அடிக்கடி நடக்கிறது.

இன்னொரு பொறி: எழுவாய் ஒருமையாக இருந்தும் முதலெழுத்து மாறும் இடம். 'நோ ம்பட்டா?' என்ற நலம் விசாரிப்பை தினமும் கேட்டிருப்பீர்கள். கேட்கப்படுபவர் ஒருவர்தான், வினை வட்தே, செய்தல். 'நீ' என்பது வினைக்கு முன்னால் வராமல் பின்னால் ஒட்டிக்கொண்டதால் ம்ப வந்தது. 'ம்பீமி' (சொன்னேன்) என்பதிலும் பின்னொட்டிய 'மி'தான் காரணம். பலரை ஏவும்போதும் இதே கதை: ஒருவரிடம் 'அர்!', பலரிடம் 'ங்கரே!'.

பெயர்ச்சொற்களில் மூன்றாவது வடிவம் ஒன்று தலைகாட்டும். ரெம்தே வினையிலிருந்து வரும் உழவர் ஒருமையில் தெமோவோ, பன்மையில் ரெமோபே. கவனியுங்கள், வினைக்கு நேர்மாறு: ஆட்களைக் குறிக்கும் இவ்வகைப் பெயரில் பன்மைதான் அகராதி எழுத்தோடு நிற்கிறது. புலார் பேசும் மக்களின் பெயரே அப்படித்தான், ஒருவர் புல்லோ, பலர் ஃபுல்பே. குறிப்பேட்டில் ஒவ்வொரு வினைக்கும் 'ரெம், தெம், ந்தெம்' என மூன்றையும் ஒரே வரியில் எழுதுங்கள். ஒலி வேறுபாடுகளைத் தமிழ் எழுத்து காட்டாது என்பதால், அங்கே வழங்கும் லத்தீன் எழுத்திலேயே எழுதுவது நல்லது.

செரெர் புலாருக்கு உறவு மொழி; வினை, பெயர் இரண்டிலும் முதலெழுத்து மாற்றம் அங்கும் உண்டு. ஆனால் மேலே சொன்ன இணைகளை அப்படியே கொண்டுபோகாதீர்கள். ஒரு பெண் புலாரில் தெப்போ, மெல்லொலித் த. செரெரில் 'ஓ தெவ்', அழுத்தமான த. பன்மையில் புலார் ரெவ்பே, செரெர் ரெவ், இரண்டிலும் ர-தான். ஆண் செரெரில் 'ஓ கோர்', ஆண்கள் 'கோர்': முதலாவதில் 'காடு'வின் க, இரண்டாவதில் 'தங்கம்' சொல்லில் வரும் க.

பேச்சுத் துணைவர் கினி நாட்டின் ஃபூட்டா ஜாலோன் பகுதிக்காரர் என்றால் அவர் வினைகளில் இந்த மாற்றமே இராது. பெயர்களில் மட்டும் கேட்பீர்கள். அவரிடம் வினைப் பன்மையைச் சரிபார்க்க வேண்டாம்.