ஃபீட் முகவரி எங்கே? – கேள்வி பதில்

கே: வேர்ட்பிரஸ் தளத்தில் ஆர்எஸ்எஸ் (புதிய பதிவுகளைத் தரும் ஃபீட்) பொத்தானே காணோமே, சார்?
ப: பொத்தான் வேண்டாம். தள முகவரியின் கடைசியில் ஸ்லாஷ் போட்டு ‘ஃபீட்’ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஒரு பிரிவு மட்டும் போதுமென்றால் அந்தப் பிரிவின் முகவரியோடு சேருங்கள். ரீடரில் (ஃபீடுகளைப் படிக்கும் செயலியில்) சேர்த்ததை மாதம் ஒருமுறை ஓபிஎம்எல் கோப்பாக, அதாவது ஃபீட் முகவரிகளின் பட்டியலாக, இறக்கி வையுங்கள். 2013 ஜூலையில் கூகுள் ரீடரையே மூடினார்கள்.

கே: பிளாக்கருக்கு?
ப: ஃபீட்ஸ், போஸ்ட்ஸ், டிஃபால்ட். மூன்றையும் ஸ்லாஷ் இட்டு வரிசையாக.

கே: என் தள ஃபீட் திடீரென்று நின்றுவிட்டது. ‘எக்ஸ்எம்எல் அறிவிப்பு தொடக்கத்தில் இல்லை’ என்று பிழை காட்டுகிறது.
ப: இது நல்ல கேள்வி. ஃபீடைத் திறந்து கண்ட்ரோல் யூ அழுத்துங்கள், பக்கத்தின் மூல நிரல் தெரியும். முதல் வரி காலியாக இருக்கும். எக்ஸ்எம்எல் அறிவிப்புக்கு (ஃபீட் கோப்பின் தொடக்கக் குறிக்கு) முன்னால் ஒரு இடைவெளிகூட இருக்கக்கூடாது. பெரும்பாலும் குற்றவாளி தீமின் (தள வடிவமைப்பின்) ஃபங்ஷன்ஸ் கோப்புதான்: பிஎச்பி நிரல் தொடங்கும் குறிக்கு முன்போ, முடியும் குறிக்குப் பின்போ வெற்று வரி விழுந்திருக்கும். முடியும் குறியையே அழித்துவிடலாம், தேவையில்லை. அங்கே இல்லையென்றால் பிளகின்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். கேஷை (சேமித்து வைத்த பழைய நகலை) அழித்துவிட்டுச் சோதியுங்கள், இல்லாவிட்டால் பழைய பிழையே வந்து ஏமாற்றும்.

கே: டொமைன் மாற்றினேன். வாசகர்களுக்குப் பழைய பதிவெல்லாம் புதிதாகப் போகிறது.
ப: டேட்டாபேஸில் பழைய முகவரியைத் தேடி மாற்றும்போது ஜியுஐடி (ஒவ்வொரு பதிவின் தனி அடையாளம்) என்ற நெடுவரிசையையும் மாற்றியிருப்பீர்கள். ரீடர் அதை வைத்துத்தான் ‘இது பார்த்த பதிவு’ என்று அடையாளம் காண்கிறது. அந்த நெடுவரிசையைத் தொடவே கூடாது.

கே: முழுப் பதிவையும் ஃபீடில் கொடுத்தால் திருடுகிறார்களே, சுருக்கம் மட்டும் போதாதா?
ப: திருடுகிறவன் பக்கத்திலிருந்தே எடுப்பான். சுருக்கத்தால் தண்டனை ஒழுங்காகப் படிக்கிறவருக்குத்தான்.

கே: அண்ணா, அதை ஏற்க முடியாது. என் விளம்பரம் பக்கத்தில்தானே இருக்கிறது?
ப: நியாயம். அப்படியானால் முதல் இரண்டு பத்தியாவது கொடுங்கள். வேர்ட்பிரஸ் தானாக வெட்டும் 55 சொல்லில் தமிழ்க் கட்டுரை பாதி முன்னுரையிலேயே நின்றுவிடும். பதிவு எழுதும் இடத்தில் ‘எக்ஸர்ப்ட்’ (சுருக்கம்) பெட்டி உண்டு, கையால் எழுதுங்கள்.

கே: விளம்பரம் பற்றிக் கேட்டவர் சொல்வது சரி, முழுதாகக் கொடுத்தால் யாரும் தளத்துக்கு வருவதில்லை.
ப: கருத்துரை இட வருவார்கள். போதும், இதோடு விடுவோம்.

கே: செய்தித் தளத்துக்கு ஃபீட் எங்கே?
ப: மேலே முதல் பதிலைப் பாருங்கள். வேர்ட்பிரஸ் இல்லையென்றால் கண்ட்ரோல் யூ, ‘ஆர்எஸ்எஸ்’ என்று தேடல்.

கே: ஃபீட் முகவரி எப்படி எடுப்பது?
ப: முதல் பதில். ஓபிஎம்எல்லை மறக்காதீர்கள்.