லட்சத்தீவுப் பேராமைகள்: கேள்வி பதில்

லட்சத்தீவின் லகூன்களில், அதாவது பவளத்திட்டுக்கு உள்பக்கம் உள்ள ஆழமில்லாத நீரில், கடற்புல்லையும் அதை மேயும் பேராமைகளையும் கவனித்து வருகிறேன். கேளுங்கள்.

தஞ்சாவூர்: அங்கே என்ன ஆமைகள் உண்டு?

அதிகம் கண்ணில் படுவது பேராமை, ஆங்கிலத்தில் 'கிரீன் டர்ட்டில்'. அடுத்து, பாறை ஓரம் கடற்பஞ்சு தின்னும் அழுங்காமை.

கோவை: பேராமைக்கு இனி ஆபத்தில்லை என்று செய்தி வந்ததே?

2025 அக்டோபரில், உயிரினங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிடும் பன்னாட்டு அமைப்பான ஐயுசிஎன் அதை 'கவலை குறைந்த இனம்' என்று மாற்றியது உண்மை. 1970களிலிருந்து உலக அளவில் சுமார் 28 சதவீதம் கூடியிருக்கிறது. ஆனால் பழைய எண்ணிக்கையை அது இன்னும் எட்டவில்லை. சில கடல்களில் நிலைமை மோசமாகவே இருக்கிறது. நம் சட்டமும் மாறவில்லை, வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில்தான் பேராமை இருக்கிறது. அழுங்காமையோ இன்றும் அழிவின் விளிம்பில்.

திருச்சி: ஸ்நார்க்கலிங் போகும்போது ஆமையைத் தொடலாமா?

கூடாது. மூச்சு வாங்க மேலே வரும்போது சூழ்ந்துகொள்ளவும் கூடாது. தள்ளி நின்று பாருங்கள்.

தூத்துக்குடி: நான் மீனவன். ஆமையால் மீன் போச்சு என்று அகத்தித் தீவுக்காரர்கள் சொல்கிறார்கள். உண்மையா, சாக்கா?

உண்மை. 2000களின் தொடக்கத்தில் அகத்தி லகூனில் பேராமைகள் கூட்டமாகச் சேர்ந்தன. பேராமை புல்லைத் தரையோடு ஒட்டக் கடிக்கும். மறுபடி துளிர்க்கும் இளங்குருத்தில் சத்து அதிகம் என்பதால் அதே இடத்துக்குத் திரும்பி வரும். ஆமை குறைவாக இருந்தால் புல் தாங்கும். கூட்டம் பெருத்தால் நீண்ட இலைப் புல் போய்க் குட்டைப் புல் வரும், பிறகு வெறும் மணல்தான். அகத்தியில் புல் தேய்ந்ததும் மேய்ச்சல் மற்ற லகூன்களுக்கு நகர்ந்தது. வலைக்கூண்டு வைத்து ஆமையைத் தடுத்த இடத்தில் மட்டும் புல் உயர்ந்து நின்றது.

புல் போனால் அதில் ஒதுங்கி வளரும் ஓரா, விளைமீன் குஞ்சுகளுக்கும் இடமில்லை. சூரை பிடிக்க வெளிக்கடலுக்குப் போகமுடியாத மழைக்காலத்தில் தீவுக்காரர் சோற்றுக்கு மீன் தருவது லகூன்தான். வலை கிழிவது தனி நஷ்டம்.

சென்னை: மீனவர்கள் எப்போதும் வேறு யார் மீதாவது பழி போடுவார்கள். அதிக மீன்பிடிப்புதான் காரணம்.

இந்தப் பேச்சை ஏற்கமாட்டேன். ஆமை மேயும் லகூனையும் மேயாத லகூனையும் ஒப்பிட்டு அளந்திருக்கிறார்கள். மேய்ச்சல் மிகுந்த இடத்தில் மீன் குறைவு. வருடம் முழுக்கத் தண்ணீரில் நிற்பவர் சொல்வதை முதலில் கேட்கவேண்டும்.

சென்னை (மறுபடி): அப்படியானால் ஆமைதான் வில்லனா?

இல்லை. சட்டப் பாதுகாப்பால் ஆமை பெருகியது நல்ல செய்தி. கூடவே அதை வேட்டையாடும் புலிச்சுறாவும் பெருகியிருக்கவேண்டும். சுறாவை நாம் பிடித்துக் குறைத்தோம். ஆமையை மட்டும் காப்பாற்றிவிட்டு அதைச் சுற்றியுள்ள கடலை விட்டுவிட்டால் சுமை புல்லின் மீதும் மீனவர் மீதும்தான் விழும்.

தூத்துக்குடி: அப்போ கொஞ்சம் பிடித்துக் குறைத்தால் என்ன?

வேண்டாம் அண்ணே. ஒரு பேராமை முட்டையிடும் வயதுக்கு வர இருபது, முப்பது வருடம்கூட ஆகும். இங்கே மேய்வது எந்த ஊர்க் கரையில் முட்டையிடுமோ! இங்கே பிடித்தால் அந்தக் கரையும் காலியாகும். கிழிந்த வலைக்கு நஷ்டஈடு, சில இடங்களில் புல்லுக்கு வேலி, சுறாவுக்குப் பாதுகாப்பு. இவற்றைத்தான் கேட்கவேண்டும்.

ஈரோடு: ஆமையோடு செல்ஃபி எடுக்கலாமா? தொடமாட்டேன்.

திருச்சிக்காரருக்குச் சொன்னதுதான். தள்ளி நில்லுங்கள்.

மதுரை: வெயில் கூடினால் எல்லாம் பெண் ஆமையாகிவிடுமாமே?

முட்டை இருக்கும் மணலின் சூடு சுமார் 29 டிகிரியைத் தாண்டினால் பெண் குஞ்சுகள் மிகும். ஆஸ்திரேலியாவின் ரெய்ன் தீவை ஒட்டிய கூட்டத்தில் இளம் ஆமைகளில் 99 சதவீதத்துக்கு மேல் பெண் என்று 2018இல் தெரியவந்தது.

நீலாங்கரை: எங்கள் கரையில் செத்து ஒதுங்குவது?

அது பங்குனி ஆமை என்ற வேறு இனம், இழுவலையில் சிக்கிச் சாகும் பிரச்சினை. 1988 முதல் சென்னைக் கரையில் இரவு நடை போகும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைக் கேளுங்கள்.

சேலம்: முட்டையிடும் ஆமையை இரவில் டார்ச் அடித்துப் பார்க்கலாமா?

கூடவே கூடாது. மிரண்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். செல்போன் வெளிச்சமும் அதேதான்.

திருநெல்வேலி: தூரத்திலிருந்து, லேசாக?

கூடாது.