கடவுச்சொல் கேட்காமலே கோப்பு திறக்கிறதே!

கேள்வி: கோப்புகளைக் குறியாக்கிப் பூட்டும் ஜிபிஜி நிரலின் கட்டளையில் 'சி' தேர்வு கொடுத்து, கடவுச்சொல் போட்டு ஒரு கோப்பைப் பூட்டினேன். உடனே திறந்து பார்த்தால் எதுவும் கேட்காமல் திறந்துவிட்டது. பூட்டு வேலை செய்யவில்லையா?

பதில்: பயப்பட வேண்டாம், பூட்டு சரியாகத்தான் விழுந்திருக்கிறது. ஜிபிஜி-ஏஜென்ட் என்று ஒரு துணை நிரல் பின்னணியில் ஓடுகிறது. நீங்கள் தட்டிய கடவுச்சொல்லை அது நினைவகத்தில் வைத்திருந்து உங்களுக்காக நீட்டுகிறது. வழக்கமான அமைப்பில் 600 விநாடி, அதாவது பத்து நிமிடம். அதற்குள் மறுபடி பயன்படுத்தினால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ஆனால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டாது. அதே கோப்பை வேறு கணினியில் திறந்து பாருங்கள், கட்டாயம் கேட்கும்.

இந்த நினைவு வேண்டாமென்றால், பூட்டும்போதும் திறக்கும்போதும் இரண்டு சிறு கோடு போட்டு 'நோ-சிம்கீ-கேஷ்' என்ற தேர்வைச் சேர்க்கலாம்.

எனக்குக் கவலை தருவது வேறு. பூட்டிய கையோடு திறந்து பார்த்து, 'சரி, வேலை செய்கிறது' என்று மூலக் கோப்பை அழித்துவிடுகிறார்கள். அந்தச் சோதனையில் கடவுச்சொல்லைச் சொன்னது ஏஜென்ட், நீங்கள் அல்ல. மறந்துபோனால் மீட்டுத்தர யாராலும் முடியாது. அதற்கென்று பின்வாசல் எதுவும் கிடையாது. ஆகவே ஏஜென்ட்டை நிறுத்திவிட்டு, கடவுச்சொல்லை நீங்களே தட்டித் திறந்து பாருங்கள். அப்புறம் மூலத்தை அழியுங்கள். ஜிபிஜி அதைத் தானாக அழிக்காது. பூட்டிய பிரதிக்குப் பக்கத்திலேயே திறந்தபடி கிடக்கும்.