எந்த அளவு லேப்டாப்: தோள் ஒன்று கேட்கிறது, கண் வேறொன்று கேட்கிறது

கேள்வி: சிங்கப்பூரில் கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் வேலை செய்கிறேன். உட்லண்ட்ஸிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸுக்கு வாரத்தில் மூன்று நாள் எம்ஆர்டி ரயில், மற்ற நாள்களில் வாடிக்கையாளர் அலுவலகங்கள். வருடத்துக்கு நாலைந்து தடவை கோலாலம்பூர், இரண்டு தடவை திருச்சி. இப்போதுள்ள 15.6 அங்குல லேப்டாப்பைச் சுமந்து தோள்பட்டை வலிக்கிறது. மகள் 13 அங்குலம் வாங்கச் சொல்கிறாள், கணவர் 16 அங்குலம் என்கிறார். எனக்கு 45 வயது. எக்செலில் சின்ன எழுத்து சரியாகத் தெரிவதில்லை. எது வாங்கலாம்? (வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: 14 அங்குலம் வாங்குங்கள். ஆனால் கடையில் 14 என்று எழுதியிருப்பதெல்லாம் உங்களுக்கு ஆகாது. திரை 16:10 விகிதத்தில் (அகலம் 16 பங்கு என்றால் உயரம் 10 பங்கு) இருக்க வேண்டும், எடை 1.4 கிலோவைத் தாண்டக் கூடாது, யூஎஸ்பி-சி வழியாக சார்ஜ் ஏற வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் இப்போதுள்ள தொல்லை வேறு உருவில் திரும்பி வரும்.

முதலில் கண்ணைப் பார்ப்போம், ஏனென்றால் தோளைவிட அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அங்குலம் என்பது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு உள்ள அளவு. கணக்கு வேலைக்கு அது அவ்வளவாக உதவாது. எத்தனை வரிசை தெரியும், எழுத்து எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதைத் திரையின் உயரமும், எழுத்தைப் பெரிதாக்கிக் காட்ட அதில் நீங்கள் வைக்கும் பெருக்க அளவும் (ஸ்கேல்) சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. உங்களுடைய 15.6 அங்குலத் திரை அநேகமாக 16:9 விகிதம், அதன் உயரம் 19.4 செ.மீ. 16:10 விகிதத்தில் வரும் 14 அங்குலத் திரையின் உயரம் 18.9 செ.மீ. வித்தியாசம் அரை சென்டிமீட்டர்தான். குறைவது அகலம், 34.5 செ.மீ. இருந்தது 30.2 செ.மீ. ஆகிறது. அதே 14 அங்குலம் பழைய 16:9 விகிதத்தில் வந்தால் உயரம் 17.4 செ.மீ.க்கு இறங்கிவிடும். விலைச்சீட்டில் விகிதம் எழுதியிருக்காது, திரைப்புள்ளிகளின் (பிக்சல்) எண்ணிக்கைதான் இருக்கும். 1920 x 1200, 2560 x 1600, 2880 x 1800 என்றிருந்தால் அது 16:10. 1920 x 1080 என்றிருந்தால் 16:9, அதை விட்டுவிடுங்கள்.

இனி எழுத்தின் அளவு. உங்கள் பழைய லேப்டாப் 1920 x 1080 திரையில், விண்டோஸ் வழக்கமாகத் தானே வைக்கும் 125 விழுக்காடு பெருக்கத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1920 x 1200 உள்ள புதிய 14 அங்குலத்திலும் அதே 125 வைத்தால், எக்செலில் பக்கவாட்டில் அதே எண்ணிக்கையில் பத்திகள் தெரியும், கீழ்நோக்கி ஏறக்குறைய ஐந்து வரிசைகள் கூடுதலாகத் தெரியும். ஆனால் எழுத்து 13 விழுக்காடு சிறுத்துவிடும். பெருக்கத்தை 150க்கு ஏற்றினால் எழுத்து நீங்கள் இப்போது பார்ப்பதைவிட 5 விழுக்காடு பெரிதாகும். அதற்கு விலையாக வழக்கமான அகலத்தில் நாலு பத்திகளும் மூன்று வரிசைகளும் திரையை விட்டு வெளியே போகும். எக்செலில் கண்ட்ரோல் விசையோடு எஃப்1 சேர்த்து அழுத்தினால் மேலே உள்ள ரிப்பன் மடங்கிக்கொள்ளும், போன வரிசைகள் திரும்பக் கிடைத்துவிடும். நாலு பத்திகளுக்கு அப்படி வழியில்லை. பெரும்பாலான தணிக்கைத் தாள்களில் இடப்பக்கப் பத்தியை நகராதபடி உறைய வைத்துவிட்டு மற்றவற்றை நகர்த்திப் பார்ப்பதுதான் பழக்கம் என்பதால் இந்த இழப்பைத் தாங்கலாம் என்பது எங்கள் கருத்து.

மகள் சொல்லும் 13 அங்குலத்தை இதே கணக்கில் வைத்துப் பாருங்கள். 13.3 அங்குல 16:10 திரையில் 125 விழுக்காட்டில் எழுத்து இப்போதையதைவிட 17 விழுக்காடு சிறியது. நீங்கள் முன்னால் குனிவீர்கள், கழுத்து வலிக்கும். தோளிலிருந்த வலி கழுத்துக்கு இடம் மாறியதுதான் மிச்சம். கல்லூரியில் குறிப்பெடுக்கும் பிள்ளைக்கு 13 அருமையான அளவு. 45 வயதில் எட்டு மணி நேரம் எண்களைப் பார்ப்பவருக்கு அல்ல.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாற்பதைத் தாண்டியதும் அருகில் இருப்பதைப் பார்க்கும் திறன் தளர்வது இயல்பு. படிப்பதற்கான கண்ணாடி 40 செ.மீ. தூரத்துக்கு அளந்து தரப்படுகிறது, லேப்டாப் திரையோ 50 முதல் 60 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. அந்த இடைத் தூரத்துக்குத் தனியாக அளந்து கண்ணாடி போடச் சொல்லிக் கண்ணாடிக் கடையில் கேளுங்கள். எந்த அளவு திரை வாங்கினாலும் இது தேவைப்படும்.

கணவர் சொல்லும் 16 அங்குலத்துக்கு உங்கள் வேலையில் உண்மையான நியாயம் ஒன்று உண்டு, அது எண் விசைப்பலகை. 14 அங்குலத்தில் அது கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது. மேல் வரிசை எண்களைத் தட்டி வவுச்சர் பதிவது தணிக்கைக்காரருக்குச் சித்திரவதை. அதற்குத் தனி எண் விசைப்பலகை விற்கிறது. எடை 150 கிராமுக்குள்தான் இருக்கும், யூஎஸ்பியிலோ புளூடூத்திலோ இணையும். வலக்கைப் பக்கம் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். லேப்டாப்பிலேயே பதித்த எண் விசைகள் இருந்தால் எழுத்து விசைகளும் தொடுதிண்டும் (டச்பேட்) இடப்பக்கம் நகர்ந்துவிடும், உடம்பைச் சற்றுத் திருப்பியபடியே நாள் முழுக்க உட்கார நேரும். தனி விசைப்பலகையில் அந்தக் கோணல் இல்லை. எழுத்து விசைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். 13 அங்குலத்துக்கு மேல் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 19 மி.மீ. என்ற வழக்கமான இடைவெளி பொதுவாகக் கிடைத்துவிடும்.

இப்போது தோள். லேப்டாப்பின் எடையை மட்டும் ஒப்பிடாதீர்கள், பையை அப்படியே எடை போடுங்கள். பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் சிறிய மின்தராசு வீட்டில் இருந்தால் இன்றே பாருங்கள். 15.6 அங்குலப் பழைய லேப்டாப் 2 கிலோ அளவில் இருக்கும். அதன் கட்டை சார்ஜரும் தடித்த கம்பியும் சேர்ந்தால் இன்னும் 350, 400 கிராம். அதற்குமேல் தண்ணீர்ப் புட்டி, குடை, சாப்பாட்டு டப்பா. 14 அங்குலம் 1.3 கிலோ, கடைக்காரர்கள் ‘கேன்’ என்று சொல்லும் காலியம் நைட்ரைடு வகை 65 வாட் சார்ஜர் 120 கிராம், கம்பி 50 கிராம், எண் விசைப்பலகை 150 கிராம். மொத்தம் 1.6 கிலோவைச் சற்றே தாண்டும். முக்கால் கிலோ இறங்கிவிட்டது. உட்லண்ட்ஸிலிருந்து நெரிசலில் நின்றுகொண்டு, பையை முன்பக்கம் அணைத்தபடி வரும்போது அந்த முக்கால் கிலோ தெரியும். ஒற்றைத் தோளில் மாட்டும் பை வைத்திருந்தால் அதை முதலில் மாற்றுங்கள்.

விளம்பர எடையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ‘1.2 கிலோ முதல்’ என்றால் அந்த வரிசையிலேயே மிக லேசான வடிவத்தின் எடை அது. தொடுதிரையோ பெரிய பேட்டரியோ சேர்ந்தால் எடை கூடும். நீங்கள் வாங்கப்போகும் மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

விமானத்தில் திரையின் அளவைவிட உடலின் ஆழம் முக்கியம், அதாவது உங்கள் வயிற்றுப் பக்க விளிம்பிலிருந்து கீல் வரை உள்ள தூரம். 16 அங்குலத்தில் இது 25 செ.மீ. அளவில் இருக்கும், 14இல் 22. எகானமி வகுப்பில் இருக்கைக்கு இருக்கை 28 முதல் 32 அங்குல இடைவெளி. 16 அங்குலத்தை மடக்கு மேசையில் வைத்தால் முழங்கை பின்னுக்குப் போக இடமிருக்காது, திரையையும் போதுமான அளவு சாய்க்க முடியாது. அதைவிட மோசமான ஆபத்து ஒன்று உண்டு. முன்னால் இருப்பவர் திடீரென இருக்கையைச் சாய்க்கும்போது, மேசை மடங்கி உட்காரும் குழியில் திரையின் மேல் விளிம்பு சிக்கிக்கொண்டால் கண்ணாடி விரிசல் விடும். திரை எவ்வளவு உயரமோ அவ்வளவு சுலபமாகச் சிக்கும். 14 அங்குலத்திலும் இது நடக்கலாம். லேப்டாப்பை மேசையின் உங்கள் பக்க விளிம்புக்கு இழுத்து வைத்து, திரையை அந்தக் குழிக்குக் கீழே வரும்படி சாய்த்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூர் ஒரு மணி நேரப் பயணம், லேப்டாப்பைத் திறக்கவே வேண்டாம். திருச்சிக்கு நாலு மணி நேரம், அங்கேதான் இது உதவும்.

கைப்பை எடையும் கணக்கில் வரும். ஏர்ஏஷியாவில் இரண்டு பைகளும் சேர்த்து 7 கிலோ, ஸ்கூட்டில் இரண்டும் சேர்த்து 10 கிலோ. 7 கிலோவில் லேப்டாப்புக்கே இரண்டரை கிலோ போனால், திருச்சிக்கு எடுத்துப் போகும் மற்றவற்றுக்கு என்ன மிஞ்சும்? விதிகள் மாறக்கூடியவை, பயணச்சீட்டு எடுத்ததும் ஒருமுறை சரிபாருங்கள்.

பேட்டரியில் சின்ன லேப்டாப் நீடிக்கும் என்று நம்பாதீர்கள். பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் வாட்-மணி அளவைப் பாருங்கள். எக்செல், மின்னஞ்சல், உலாவி என்று ஓடும்போது சராசரியாக 8 வாட் போகும் என்று வையுங்கள். 56 வாட்-மணி பேட்டரி ஏழு மணி நேரம் தாங்கும், 40 வாட்-மணி ஐந்துதான். ஒரு கிலோவுக்கும் கீழே இறங்கும் லேப்டாப்கள் பலவற்றில் எடையைக் குறைத்தது பேட்டரியில்தான். பிறகு அதற்கென்று 400 கிராம் பவர்பேங்க் தூக்கினால் லாபம் எங்கே? அதுவும் விமானத்தில் உதவாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது பவர்பேங்க் மூலம் சார்ஜ் ஏற்றுவதை அனுமதிப்பதில்லை. 55 வாட்-மணிக்குக் குறையாமல் பாருங்கள். மேல் எல்லை 100 வாட்-மணி, அதற்குள் விமான நிறுவனத்தின் அனுமதி கேட்கத் தேவையில்லை. லேப்டாப்பைக் கைப்பையில்தான் வையுங்கள். பவர்பேங்க் பெட்டியோடு கீழே போகவே கூடாது.

யூஎஸ்பி-சி சார்ஜரில் நடக்கும் வழக்கமான தவறு, கைப்பேசியின் 30 வாட் சார்ஜரைச் செருகுவது. மெதுவாக ஏறுகிறது என்று எச்சரிக்கை வரும், கனமான தாள் திறந்திருந்தால் செருகியபடியே பேட்டரி இறங்கும். 65 வாட் வேண்டும், கம்பியும் 60 வாட்டுக்கு மேல் தாங்கும் 5 ஆம்பியர் வகையாக இருக்க வேண்டும். மலேசியாவில் நம் மூன்று தட்டைமுனைப் பிளக்கே போதும். திருச்சியில் உருண்டை முனை என்பதால் அடாப்டர் வேண்டும். அங்கே இரண்டு முனை அடாப்டரில் போட்டு உலோக உடல் லேப்டாப்பைத் தொட்டால் விரல் நுனியில் மெல்லிய கூச்சம் தெரியலாம். சார்ஜரிலிருந்து கசியும் மிகச் சிறிய மின்னோட்டத்துக்கு எர்த் வழி இல்லாததுதான் காரணம். எர்த் உள்ள மூன்று முனைக் கம்பியோடு வரும் சார்ஜரை, மூன்று முனை அடாப்டரிலும் எர்த் வேலை செய்யும் சாக்கெட்டிலும் போட்டால் நின்றுவிடும்.

வாடிக்கையாளர் அலுவலகத்தில் பெரிய திரையோடு இணைக்க எச்டிஎம்ஐ துளை கேட்பார்கள். லேப்டாப்பிலேயே அது இருந்தால் நல்லது, இல்லையென்றால் யூஎஸ்பி-சியில் செருகி அந்தத் துளையைத் தரும் ஒரு சிறிய ஹப் பையில் கிடக்கட்டும். நினைவகம் 16 ஜிபிக்குக் குறைய வேண்டாம். மெல்லிய லேப்டாப்களில் பெரும்பாலும் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு கூட்ட முடியாது.

பணம் முழுவதையும் லேப்டாப்பில் போடாதீர்கள். அதில் 200 வெள்ளியை ஒதுக்கி வீட்டு மேசைக்கு 24 அங்குலத் திரை ஒன்று வாங்குங்கள். கணவர் கேட்கும் பெரிய திரை அதுதான், அதைச் சுமக்க வேண்டியதில்லை. வீட்டில் வேலை செய்யும் நாளில் கண்ணுக்குக் கிடைக்கும் ஓய்வு எந்த 16 அங்குலத்திலும் கிடைக்காது. ஒரு விதிவிலக்கு உண்டு. வாடிக்கையாளர் இடங்களில் வாரம் நாலு நாள் முழு நேரம் உட்காருகிறீர்கள், அங்கே திரை தர மாட்டார்கள் என்றால் 16 அங்குலம் பொருந்தும். எல்ஜி கிராம் 16 போல 1.2 கிலோ அளவில் கூடக் கிடைக்கிறது. ஆனால் எடை குறைந்தாலும் அகலமும் ஆழமும் குறையாது, விமான மேசைச் சிக்கல் அப்படியே இருக்கும்.

கடைக்குப் போகுமுன் அட்டைப்பெட்டியிலிருந்து இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்று 31.5 x 22.5 செ.மீ., மற்றது 35.5 x 25 செ.மீ. முதலாவது 14 அங்குலத்தின் உடல், ஏ4 தாளைவிடக் கொஞ்சம் பெரிது. இரண்டாவது 16. உங்கள் பையில் செருகி ஜிப்பை மூடிப் பாருங்கள், சமையலறை மேசையில் வைத்துக் கை நீட்டிப் பாருங்கள்.

பிறகு சிம் லிம் ஸ்குவேரிலோ வேறு கடையிலோ, உங்கள் தாளைப் போன்ற மாதிரி எக்செல் கோப்பு ஒன்றை யூஎஸ்பி குச்சியில் கொண்டுபோய்த் திறக்கச் சொல்லுங்கள். உண்மையான வாடிக்கையாளர் கணக்கைக் கொண்டுபோக வேண்டாம். 125, 150 இரண்டிலும் வைத்து, உங்கள் கண்ணாடியோடு, நின்றபடி அல்லாமல் உட்கார்ந்து, முழுக்கை தூரத்தில் ஐந்து நிமிடம் படியுங்கள். கடை விளக்கு திரையில் பளபளத்தால் மங்கல் பூச்சுத் திரையைக் காட்டச் சொல்லுங்கள்.

ஜோகூர் பாருவில் மலிவு என்று போக நினைத்தால் ஒன்றைக் கணக்கில் எடுங்கள். 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் ஜிஎஸ்டி விலக்கு 100 வெள்ளிக்கு மட்டும்தான், அதற்கு மேல் 9 விழுக்காடு கட்ட வேண்டும். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு அந்த விலக்கும் இல்லை. உத்தரவாதம் சிங்கப்பூரில் செல்லுமா என்பதையும் பணம் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.