இலை, பூ, வெயில்: தொடக்க வகுப்புக் கைவேலை, உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

இயற்கையை வைத்துச் சின்னப் பிள்ளைகளோடு செய்யக்கூடிய ஓவிய வேலைகள் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். நான் ஓவியர் இல்லை, பல வருடமாகத் தொடக்க வகுப்பில் கையை அழுக்காக்கிக்கொண்டிருக்கும் ஆசிரியை, அவ்வளவுதான்.

நாற்பது பிள்ளைகள், ஒரே ஒரு பாடவேளை. எதில் ஆரம்பிப்பது?

இலைத் தடத்தில். இலையைக் குப்புறப் போடுங்கள், நரம்பு புடைத்திருக்கும் அடிப்பக்கம் மேலே வரட்டும். மேலே மெல்லிய தாள். கிரேயானின் காகித உறையை உரித்துவிட்டு, படுக்கவைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் முனையால் தேய்த்தால் பிள்ளை போடும் கோடுதான் விழும், நரம்பு எழும்பாது. சருகு நொறுங்கிவிடும், அதனால் உதிர்ந்தும் ஈரம் போகாத இலையாகப் பொறுக்க வேண்டும்.

முக்கியமாக, மாதிரி செய்து காட்டாதீர்கள். நான் ஒரு தடவை ஆசையாக ஒன்று செய்து பலகையில் ஒட்டிவிட்டேன், வகுப்பு மொத்தமும் அதே இலையைத் தேடிக்கொண்டு ஓடியது! இப்போதெல்லாம் வெறும் கையோடுதான் போகிறேன். முடிந்ததும் எல்லாத் தாளையும் தரையில் பரப்பி, எது எதோடு சேரும் என்று மட்டும் கேட்பேன். புல்லும் மூங்கிலும் ஒரு பக்கம் போகும், செம்பருத்தி இன்னொரு பக்கம். "இது சீப்பு டீச்சர், இது வலை" என்றாள் ஒருத்தி. இணைநரம்பு, வலைநரம்பு என்ற பெயர்கள் அதற்கு அப்புறம் வந்தால் போதும்.

பூவிலிருந்து வண்ணம் எடுத்தால் நிற்குமா?

நிற்காது, வெயில் பட்டால் வெளுக்கும். ஆனால் அதுவரை நடக்கும் வேடிக்கைக்காகவே செய்யலாம். நீலச் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டினால் நீலச் சாறு (வெந்நீர் உங்கள் கையில் இருக்கட்டும், ஆறினதும் கொடுங்கள்). அதைத் தாளில் பூசி, எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் ஊதா, இளஞ்சிவப்புப் பக்கம் திரும்பும், சமையல் சோடாக் கரைசல் விட்டால் பச்சைக்குப் போகும். மஞ்சள் தூளைக் கரைத்துப் பூசிக் காயவைத்த தாளில் துணி சோப்புத் தண்ணீரைத் தொட்டு எழுதினால் எழுத்து சிவக்கும். இதைப் பார்த்துவிட்டு ரகசியக் கடிதம் எழுதாத பிள்ளை எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

சூரிய அச்சு என்கிறார்களே, அது சின்னப் பிள்ளைகளுக்கு ஒத்துவருமா?

வரும், மருந்து பூசிய தாளாகவே வாங்கிவிட்டால். சயனோடைப் என்பது இதன் பெயர், 1842இல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி கண்டுபிடித்தது. அடுத்த வருடமே அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் கடற்பாசிகளை இந்த முறையில் அச்செடுத்துப் புத்தகமாகவே கொண்டுவரத் தொடங்கிவிட்டார். நிழலில் தாளை எடுத்து, மேலே இலையோ இறகோ வைத்து, வெயிலில் சில நிமிடம் விட்டு, தண்ணீரில் அலச வேண்டும். இலை மறைத்த இடம் வெள்ளை, மற்றதெல்லாம் நீலம், காயக் காய இன்னும் அடர்த்தியாகும். மேலே ஒரு பிளாஸ்டிக் கண்ணாடித் தகடு வைத்து அழுத்துங்கள். நான் வைக்காத அன்று ஒரு காற்று அடித்தது, பாதி வகுப்புக்கு நீலத் தாள் மட்டும்தான் மிச்சம். கறை துணியை விட்டுப் போகாது, பழைய சட்டை போட்டு வரச் சொல்லிவிடுங்கள்.

எங்கள் பள்ளியில் மரமே இல்லை, முற்றம் முழுக்க சிமெண்ட்.

நிழல் இருக்கிறதே. ஒரு பிள்ளையை நிற்கவைத்து, பாதத்தையும் நிழலையும் சாக்பீஸால் சுற்றி வரையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து அதே பாதத்தடத்தில் நிற்கச் சொன்னால் நிழல் கோட்டுக்குள் அடங்காது. சாக்பீஸ் கோட்டை யார் நகர்த்தினார்கள் என்று ஒரு சண்டை வரும், வரட்டும். அப்புறம் சிமெண்ட் விரிசலைக் குனிந்து பாருங்கள், பாசியோ ஒரு புல்லோ இல்லாத விரிசல் குறைவு.

"எனக்கு வரைய வராது" என்று தாளைத் தள்ளிவிடும் பையனை என்ன செய்வது?

தாளைப் பார்க்காமல் வரையச் சொல்லுங்கள். கையில் ஒரு குச்சி, கண் குச்சியின் மேலேயே இருக்க வேண்டும், பென்சில் பாட்டுக்கு ஊர்ந்து போகட்டும். எல்லாருடையதும் கோணலாகத்தான் வரும், எனவே அவனுடையது மட்டும் தனியாகத் தெரியாது. இரண்டாவது தாளில், முதலில் விட்டுப்போன ஒரு கணுவை அவனே சேர்ப்பான்.

எதைத் தொடவிடக் கூடாது?

அரளி, எருக்கு, ஒடித்தால் பால் வரும் எதுவும், பெயர் தெரியாத காளான். முதல் நாளே நீங்கள் போய் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வாருங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், விதிவிலக்கே கிடையாது.

பறித்த இலையை அப்படியே லாமினேட் செய்யலாமா?

வேண்டாம், உள்ளே ஈரம் தங்கிக் கறுத்துவிடும். செய்தித்தாள் மடிப்பில் வைத்து, கனமான புத்தகங்களை அடுக்கி, தாளை அவ்வப்போது மாற்றி, ஒரு வாரம் பொறுங்கள். பிள்ளைகள் தினமும் திறந்து பார்ப்பார்கள், திட்டாதீர்கள்.