கொசு ஆள் பார்த்தா கடிக்கும்? – கடிதம்

அன்புள்ள அக்கா,

தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். ‘கோவிட் ஆர்என்ஏ தடுப்பூசி நம்ம உடம்பையே மாத்தி எழுதிடுமாமே’ என்று ஒரு மாணவனின் அம்மா இன்னும் கேட்கிறார். பாவம், தோட்டத்துப் படிக்காத ஜனம். இவர்களுக்கு ஆர்என்ஏவை எப்படி விளக்குவது? தமிழில் அதற்கு நல்ல சொல் உண்டா?

க., சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

ஆர்என்ஏ என்றே சொல்லுங்கள், யாரும் அடிக்க வரமாட்டார்கள். தடுப்பூசியில் உள்ள ஆர்என்ஏ, நம் டிஎன்ஏ இருக்கும் செல்லின் உட்கருவுக்குள் போவதில்லை, சில நாளில் சிதைந்துவிடும். எனவே மாற்றி எழுதாது. அந்த ‘படிக்காத ஜனம்’தான் என்னைக் குத்துகிறது.

விளக்க ரப்பர் தோட்டமே போதும். ஆபீஸ் செக்ரோல், அதாவது ஆள்கணக்குப் பதிவேடு, வெளியே வராது. ஆபீஸ் கிராணி (குமாஸ்தா) துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார், கங்காணி அதைப் பார்த்து ஆளை மர நிரையில் இறக்குவார். செக்ரோல் டிஎன்ஏ, சீட்டு ஆர்என்ஏ. தடுப்பூசியும் ஒரு சீட்டுதான், செக்ரோலைத் தொடாது. புரதம் செய்யும் ரைபோசோம்தான் கங்காணி. யார் எழுதிய சீட்டு என்று அது கேட்பதில்லை. வைரஸ் கொண்டுவருவது கள்ளச் சீட்டு. டெங்கியும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் உள்ளே வந்ததுமே படிக்கக்கூடிய சீட்டு. நிப்பா வைரஸ் வேறு ரகம், ரப்பர் முத்திரை மாதிரி. எழுத்து தலைகீழாக இருக்கும், கங்காணியால் படிக்க முடியாது. அதனால் முத்திரை குத்தும் நொதியையும் கையோடு கொண்டுவருகிறது. மனித டிஎன்ஏவில் 300 கோடி எழுத்து. நிப்பாவில் 18,000 சொச்சம், அவ்வளவுதான்.

(கோவிட் சோதனையில் ஆர்என்ஏவை முதலில் டிஎன்ஏவாகத் திருப்பி எழுதுவார்கள். அப்படி எழுதும் நொதியை 1970-இல் டெமின், பால்டிமோர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்ததே வைரஸ்களிடம்தான். திருடன் சாவியை வைத்தே திருடனைப் பிடிக்கிறோம்.)

நிப்பா என்றால் எனக்கு அத்தை ஞாபகம். 1999 தொடக்கத்தில் நான் ஆறாம் படிவம். எங்கள் தோட்டம் நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக் பக்கம். மாமா காலையில் பால் வெட்டிவிட்டு, மத்தியானம் தவுக்கே (சீன முதலாளி) பண்ணையில் பன்றிக்குத் தீனி கலக்கப் போவார். ஊரெல்லாம் காய்ச்சல், மயக்கம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள். அதுவும் பன்றியிடமிருந்து கொசு வழியாக வருவதுதான், சந்தேகப்பட்டதில் தப்பில்லை. லயத்துக்கு லயம் கொசுப்புகை அடித்தார்கள். புகை வரும்போதெல்லாம் அத்தை சோற்றுப்பானை மேல் ஈரத்துணியைப் போட்டு மூடுவார்.

ஒருநாள் துணியை உதறிக்கொண்டே கேட்டார்: “கொசு ஆள் பார்த்தா கடிக்கும்? மலாய்க்காரங்க வீட்டுல கொசு இல்லையா? புள்ளைங்க நல்லா ஓடுதுங்க, பன்றிக் கொட்டாயில நிக்கிற ஆம்பளைங்கதான் விழறாங்க. பன்றியும் சேர்ந்து இருமுது.”

நான் பாடப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, “தெரியாம பேசாதீங்க அத்தை” என்றேன்.

அந்த மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் ஒரு புது வைரஸைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு வந்தது. வௌவாலிடமிருந்து பன்றிக்கு, பன்றியிடமிருந்து ஆளுக்கு. கொசுவுக்கு அதில் வேலையே இல்லை. மலேசியாவில் 265 பேருக்குக் கண்டது, 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் பன்றிகளைக் கொன்றார்கள். மாமா தப்பித்தார். அவரோடு தீனி கலக்கியவர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பவில்லை.

நோய் யாரை விட்டுவைக்கிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சியின் முதல் வேலை. அதை ஈரத்துணியோடு நின்று ஒரு பால்வெட்டுக்காரி செய்தார். ஆறாம் படிவம் படித்த நான் வாயை அடைத்தேன். செய்தி வந்த அன்று அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. “அப்ப அந்தப் புகை?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்த அம்மா ‘இன்னும்’ கேட்கிறார் என்று சலித்துக்கொள்கிறீர்களே, இன்னும் கேட்கிறாரே என்று சந்தோஷப்பட வேண்டாமா? நாளைக்கே வரச்சொல்லுங்கள். பள்ளி அலுவலகத்தில் முத்திரையும் மைப்பெட்டியும் இருக்கும். முத்திரையை முதலில் அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் தாளில் குத்தச் சொல்லுங்கள்.